ஜூலை யாருக்கு

30 ஏப்ரல் 2005, சனி

இல்லை, எனக்குத் தூண்டில் போடத் தெரியாது. கடற்கரையில் பிறந்தால் மட்டும் போதுமா? எங்கள் ஊரில் பெண்கள் மீனைக் கரைக்கு வந்த பிறகுதான் பார்ப்பார்கள், அதுவும் ஏலம் போகிற அவசரத்தில். இவ்வளவையும் கோர்டனிடம் சொல்லவில்லை. "நோ, சார்." அவ்வளவுதான்.

காலை ஏழுக்கே வெயில் வெள்ளை. கம்பெனி பஸ்ஸில் ஏ.சி. மறுபடி மூச்சை விட்டுவிட்டது. ஜெபல் அலி வருவதற்குள் முதுகு முழுக்க ஈரம்.

கோர்டன். ஐம்பத்தெட்டு வயது, ஸ்காட்லாந்து. பம்பு, வால்வு தவிர வேறெதுவும் பேசிக் கேட்டதில்லை. மூன்று வருடமாக அவருக்கு நான் செக்ரட்டரி. இன்று என் மேஜையில் ஒரு மீன் பத்திரிகையை வைத்தார். அட்டையில் சிவப்புப் பாறை, முள்செடி, நடுவில் பச்சையாக ஓர் ஆறு. இடுப்பளவு தண்ணீரில் ஒருவன் நிற்கிறான். நியூ மெக்ஸிகோ. அமெரிக்காவின் பாலைவனம். அணைக்கட்டின் அடியிலிருந்து வருவதால் தண்ணீர் வருடம் முழுக்கக் குளிர்ச்சி என்று கீழே எழுதியிருந்தது.

இரண்டு வாரம் அங்கே போகிறாராம். ஏற்பாடு முழுக்க என்னுடையது.

இங்கே இருபத்தாறு வருடம் மணலைப் பார்த்த மனிதர். விடுமுறைக்கு இன்னொரு மணல்.

செய்ய வேண்டியவை:
– விடுதிக்கு மெயில். தேதி, அறை.
– துபாய், லண்டன், டென்வர். அங்கிருந்து சின்ன விமானம்.
– மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டை. அளவு கேட்க வேண்டும். (எப்படிக் கேட்பது?)
– மீன்பிடி லைசென்ஸ். ஆற்றில் நின்று தூண்டில் போடக்கூட லைசென்ஸ்.

"ஜூலை, இல்லாவிட்டால் செப்டம்பர். எது நல்லது என்று அவர்களிடம் கேட்டுச் சொல்," என்றார்.

ஜூலை என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுதினேன். அதன்மேல் பேனாவை மறுபடி மறுபடி ஓட்டினேன். தாள் கிழிந்தது.


2 மே, திங்கள்

மூட்டம். வெயிலில்லாத வெக்கை.

எனக்கு ஜூலை வேண்டும். காரணத்தைத் தெளிவாக எழுதிப் பார்க்கிறேன்.

1. ஜூலை 12, அம்மாவின் ஓராண்டு. ஊர்க் கோயிலில் திருப்பலி, பிறகு கல்லறை மந்திரிப்பு.
2. அண்ணனுக்கு ஜூலையில்தான் லீவ். சவுதியில், தம்மாமில் மீன்பிடிப் படகில் வேலை. ஆகஸ்ட் முதல் தேதி இறால் சீசன் திறந்துவிட்டால் கஃபீல், அதாவது அரபி முதலாளி, யாரையும் கரையில் விடமாட்டார்.
3. அவனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்து நான்கு வருடம். அவன் போனபோது எனக்கு லீவ் இல்லை. நான் போனபோது அவன் கடலில்.

அவன் அந்தக் கரை, நான் இந்தக் கரை. ஒரே கடல்தான். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் அவன் இங்கே வர விசா இல்லை, தனிப் பெண்ணாக நான் அங்கே போகவே முடியாது. சந்திக்க வேண்டுமானால் இரண்டு பேரும் கன்னியாகுமரி வரை போயாக வேண்டும்.

4. கோர்டனும் நானும் ஒரே சமயத்தில் லீவில் இருக்க முடியாது. இது எங்கும் எழுதியில்லை. அதனால் மாற்றச் சொல்லி யாரிடமும் கேட்கவும் முடியாது.

ஆக, அவர் செப்டம்பரில் போனால் ஜூலை எனக்கு. அவர் ஜூலையில் போனால்.

மாலை முருகேசன் அண்ணன் மேலே வந்தார். கோடவுனில் சரக்கு எடுத்துக் கொடுப்பவர், முதுகுளத்தூர்ப் பக்கம். பாஸ்போர்ட் முடியப்போகிறது, புதுப்பிக்க கான்சுலேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியில். சாவி என் கழுத்துக் கயிற்றில், ஆபீஸ் அட்டையோடு. ஆனால் ஸ்லிப்பில் கோர்டன் கையெழுத்து வேண்டும். கோர்டன் அபுதாபி சைட்டில், புதன்கிழமைதான் வருவார்.

"புதன்கிழமை வாங்கண்ணே."

"இன்னைக்குத்தாம்மா ஃபோர்மேன் பெர்மிஷன் குடுத்தாரு. புதன்கெழம கண்டெய்னர் வருது, விடமாட்டாய்ங்க."

"கையெழுத்து இல்லாம நான் எடுக்க முடியாதுண்ணே."

"பூட்டுறதும் நீங்க, தொறக்குறதும் நீங்க. நடுவுல இந்தக் கையெழுத்து யாரும்மா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். போய்விட்டார். நான் சாவியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வியர்வையில் சாவிக்கு ஒரு வாசனை உண்டு.


3 மே, செவ்வாய்

போன வருட ஜூலையை இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை. சுருக்கமாக:

சித்தப்பா போன். அம்மாவுக்கு மூச்சு. அடுத்த போன், முடிந்தது. நாளை மாலை அடக்கம். அதற்குமேல் வைத்திருக்க முடியாது. கோர்டன் ஸ்காட்லாந்தில் லீவில். அவர் போனை எடுக்கவில்லை, மலைப்பக்கம் எங்கோ. அலமாரிச் சாவி என் கழுத்தில். திருவனந்தபுரத்துக்கு மறுநாள் காலையில் விமானம் இருந்தது, இடமும் இருந்தது.

நான் அலமாரியைத் திறக்கவில்லை.

கையெழுத்து இல்லை. அதுதான் காரணம். வேறு காரணம் இருக்கிறதா என்று ஒரு வருடமாகத் தேடுகிறேன்.

அண்ணனுக்குச் செய்தி போகவே நான்கு நாள் ஆயிற்று. படகு கரைக்கு வந்த பிறகு. எங்கள் இரண்டு பேருக்கும் பதிலாக சித்தப்பா மகன் மண் போட்டான்.

கோர்டன் திரும்பியதும் ஒரு மெயில். 'உன் இழப்புக்கு வருந்துகிறேன். குடும்பத்தோடு இருந்தது ஆறுதலாக இருந்திருக்கும்.' நான் போய்வந்ததாக நினைத்துவிட்டார். திருத்தவில்லை.


6 மே, வெள்ளி

வெள்ளிக்கிழமைப் பூசை. இங்கே ஞாயிறு என்பது வெள்ளி. தமிழ்ப் பூசையில் நிற்க இடமில்லை, வெளியே பந்தலில். அண்ணனுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி. அவன் வேலை செய்யும் ஊரில் கோயில் கிடையாது.

மதியம் அவனிடமிருந்து மிஸ்டு கால். கார்டு போட்டுத் திரும்ப அழைத்தேன்.

"பிள்ளே, டிக்கெட் எடுத்தாச்சு. ஜூலை ரெண்டு. கஃபீல் பேப்பர்ல ஸ்டாம்ப் அடிச்சுத் தந்துட்டான். நீ எப்பம் வாற?"

"ஏழாம் தேதி வாக்குல."

"வாக்குலயா? டிக்கெட் எடுத்தியா இல்லியா?"

"எடுக்கணும்."

"நீ வராம நான் கல்லறைக்குப் போமாட்டேன் கேட்டியா. ரெண்டுபேரும் சேந்துதான் போணும். தனியா அங்க போய் நிக்க எனக்கு ஆவாது."

சரி என்றேன். பேச்சை மாற்ற கோர்டனின் மீன் கதை. கொக்கியில் இறகு கட்டி, ஈ மாதிரி செய்து, தண்ணீர்மேல் வீசிப் பிடிப்பார்கள் என்று.

"நாமளும் வெள்ளிப் பேப்பர் கெட்டி அயிலை பிடிக்கோமில்லா, அது போலத்தான். எவ்வளவு கிடைக்கும் ஒரு நாளைக்கு?"

"பிடிச்சிட்டு விட்டுருவாங்களாம்."

"விட்டுருவானா?"

"ஆமா. கொக்கிய எடுத்துட்டு, தண்ணியில விட்டுருவாங்க."

"இதுக்கா சோலி மெனக்கெட்டு பிளேன்ல போறான்? மக்கா, உன் முதலாளிக்கு மேலுக்கு ஒண்ணும் இல்லியே?"

அவன் சிரிக்கிற சத்தம். நான்கு வருடத்தில் கொஞ்சம் கரகரப்பு ஏறியிருக்கிறது.


7 மே, சனி

புழுதிக் காற்று. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி.

விடுதியிலிருந்து பதில். ரூத் என்ற பெண்மணி. நீளமான மெயில், நாய் பெயர்கூட எழுதியிருக்கிறாள். முக்கியமான பத்தி ஒன்றுதான்:

'ஜூலையின் முதல் இரண்டு வாரம் வருடத்திலேயே சிறந்தது, மீன் ஏராளம், அதனால் விடுதி நிரம்பி வழியும், ஆற்றில் தோளோடு தோள் ஆட்கள். பிற்பாடு மழை வரும்போது தண்ணீர் கலங்கும், மீன் கிடைப்பது கடினம். செப்டம்பர் அமைதியாக இருக்கும், ஓரளவு மீன்.'

கோர்டன் திரையில் படிக்கமாட்டார். எல்லா மெயிலையும் அச்செடுத்துக் காலையில் மேஜையில் வைக்க வேண்டும்.

வைக்கவில்லை இன்னும்.


8 மே, ஞாயிறு

செய்துவிட்டேன்.

மெயிலை வேறொரு பக்கத்தில் ஒட்டி, முதல் வாக்கியத்தை எடுத்தேன். இரண்டாவதில் 'பிற்பாடு' என்ற இடத்தில் 'ஜூலையில்'. இவ்வளவுதான். 'ஜூலையில் மழை வரும்போது தண்ணீர் கலங்கும், மீன் கிடைப்பது கடினம். செப்டம்பர் அமைதியாக இருக்கும், ஓரளவு மீன்.' அச்செடுத்தேன். எழுத்துரு, இடைவெளி, எல்லாம் சரி. எம்.ஏ.யில் இரண்டு வருடம் பிறர் எழுதிய வாக்கியங்களைப் பிரித்துப் பார்த்ததற்கு இதுதான் பயன்.

மேஜையில் வைத்தேன். பத்தேகாலுக்கு எடுத்துப் படித்தார். கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீன் இல்லாத மாதத்தில் யார் கடலுக்குப் போவார்கள்? எங்கள் ஊரில் அப்படிப்பட்ட நாளில் வள்ளம் கரையேறிக் கிடக்கும், ஆண்கள் கிழிந்த வலை பொத்துவார்கள், சீட்டாடுவார்கள். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். இரண்டும் இரண்டும் நான்கு.

கூப்பிட்டார்.

"ஜூலை," என்றார். "நான்காம் தேதியிலிருந்து இரண்டு வாரம்."

"சார், ஜூலையில் மீன் கிடைக்காது என்று..."

"அதனால்தான். மீன் கிடைக்காவிட்டால் ஆளும் வரமாட்டான். ஆறு முழுக்க எனக்கு. அறையை உறுதி செய்துவிடு."

மீனுக்காகப் போகவில்லை. மீன்பிடிக்கப் போகிறார், ஆனால் மீனுக்காக இல்லை. இப்படி ஒரு சாத்தியம் இருப்பதே எனக்குத் தோன்றவில்லை.

உண்மையை அப்படியே வைத்திருந்தால் செப்டம்பர் என்றிருப்பார். 'தோளோடு தோள்' என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்திருக்கும். அதைத்தான் வெட்டி எடுத்தேன்.

டாய்லெட்டில் போய்ச் சிரித்தேன். சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.


9 மே, திங்கள்

அறையை உறுதி செய்யவில்லை. ரூத்துக்குப் பதில் எழுதவில்லை.

கராமா கடைத்தெரு முழுக்க நடந்தேன், ஆபீஸ் முடிந்து. மீன் மார்க்கெட் பக்கம், பிறகு துணிக்கடை வரிசை, பிறகு மறுபடி மீன். நெய்மீன், ஷேரி, ஓமான் சாளை. ஒன்றும் வாங்கவில்லை. இட்லிக் கடை வாசலில் ஒரு பையன் போனில்: "அடுத்த மாசம்மா, சத்தியமா அடுத்த மாசம்." எல்லாரும் எல்லாருக்கும் மாதம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இரவு படிக்க எடுத்த புத்தகத்தில் அதே பக்கம், ஐந்தாவது நாள்.


10 மே, செவ்வாய்

ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன். என் அறைத்தோழி, தூத்துக்குடி, நர்ஸ். இரவு டியூட்டிக்குக் கிளம்பும் முன் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வாயில் ஹேர்பின்.

"ஏட்டி, நீ என்ன கிறுக்கியா? நேரா போயி லீவு வேணும்னு கேட்டியா?"

"இல்ல."

"கேக்காமலே லெட்டர வெட்டி ஒட்டிருக்க."

"கேட்டா இல்லன்னு சொல்லிட்டா?"

"சொல்லிட்டா சொல்லிட்டான். இப்ப மட்டும் என்ன, உனக்குத் தூக்கிக் குடுத்துட்டானா?" பின்னை எடுத்துச் செருகினாள். "எங்க வார்டுல ஒரு கெழவன் இருந்தான். ராத்திரி பூரா பெல்லு மேலயே கைய வச்சிட்டு இருப்பான், அமுக்க மாட்டான். கேட்டா, சிஸ்டருக்குத் தொந்தரவுன்னுவான். விடிஞ்சா பெட்டெல்லாம் ஈரம். அத மாத்துறது யாரு? நாந்தான்."

"நான் பெட்ட நனைக்கலக்கா."

"நனைச்சிட்டுத்தான் ஒக்காந்திருக்க."

வண்டி வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே: "வேலைய விட்டுத் தூக்கிருவானோ?"

தெரியாது என்றேன். மெயிலில் கைவைத்தது தெரிந்தால் தூக்கலாம். விசா ரத்து. அதன் பிறகு ஜூலையென்ன, எல்லா மாதமும் ஊரில்தான். அதுவும் ஒரு வழி. இதைச் சொன்னதும் அக்கா முறைத்தாள்.


11 மே, புதன்

41 டிகிரி. போன வாரமே வாங்கியிருக்க வேண்டியது; என் கவலையில் மறந்து, இன்று காலையில்தான் முருகேசன் அண்ணனின் ஸ்லிப்பில் கையெழுத்து வாங்கினேன். வந்து வாங்கிப்போக அவரை ஃபோர்மேன் விடவில்லை. பாஸ்போர்ட் மேஜை டிராயரில், ரப்பர் பேண்டோடு.

ரூத்தின் இரண்டாவது மெயில். ஜூலைக்குக் கடைசி அறை. இன்னொருவர் கேட்கிறார். ஞாயிறுவரை வைத்திருப்பாளாம். அதற்குள் பதில் வராவிட்டால் அவருக்கு.

எனக்குச் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். ஞாயிறு தானாக வரும், அறை தானாகப் போகும். 'சாரி சார், நிரம்பிவிட்டதாம்.' அது உண்மையாகக்கூட இருக்கும்.

சும்மா இருப்பதில் எனக்கு அனுபவம் உண்டு. போன ஜூலையில் செய்தது அதுதான்.


12 மே, வியாழன்

அரை நாள். பஸ் இரண்டு மணிக்கு.

கோர்டன் பார்சலைப் பிரித்தார். லண்டனிலிருந்து வந்த தூண்டில் கம்பு, நான்கு துண்டு, திருகிச் சேர்த்தால் ஆளைவிட உயரம். ஒரு சின்னப் பெட்டியில் இறகுக் கொக்கிகள். ஒவ்வொன்றும் அரிசிமணி அளவு. கோழி இறகு, முயல் முடி, ஒரு பொன் இழை. கையில் வைத்தால் எடையே இல்லை. யாரோ உட்கார்ந்து இதைக் கட்டியிருக்கிறார்கள், பொய்யை இவ்வளவு பொறுமையாக.

ஒன்றரைக்குக் கோடவுன் முற்றத்தில் நின்று வீசிப் பழகினார். மணல், கண்டெய்னர், வெயில். பச்சை நிறக் கயிறு தலைக்குமேல் பின்னால் போய், ஒரு கணம் காற்றில் நின்று, முன்னால் போய் மணலில் மெதுவாகப் படுத்தது. மறுபடி. மறுபடி. நிழலில் பையன்கள் எல்லாரும் சோற்றுப் பாத்திரத்தோடு. என்ன பிடிக்கிறார், எங்கே மீன் என்று இந்தியில் பேச்சு.

"பாய், கியா பகட்ரா ஹை?"

"மச்சி."

"கஹான்?"

முருகேசன் அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே: "விடுறா. தண்ணி வர்றதுக்கு முன்னாடியே போய் எடம் புடிக்கிறாரு."

முற்றமே சிரித்தது. கோர்டனும் சிரித்தார். என்ன சொன்னார் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல்.

கம்பை என்னிடம் கொடுத்தார். மணிக்கட்டை அசைக்காதே, முழங்கையில் வீசு, பின்னால் கயிறு நீள்வதற்குக் காத்திரு, அவசரப்படாதே. நான் காத்திருக்கவில்லை. கயிறு என் துப்பட்டாவிலேயே மாட்டியது. ஷாஜி, கணக்குப் பார்ப்பவர், மாடி ஜன்னலிலிருந்து மலையாளத்தில்: "ஹையோ, வலிய மீனாணல்லோ கிட்டியது!"

கொக்கியை எடுத்துவிடும்போது கோர்டன் சும்மா, என்னிடம் என்று கூட இல்லாமல், சொன்னார்: "இங்கே ஓடும் தண்ணீரின் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. குழாயில் ஓடுவதைத்தான் விற்கிறேன். இரண்டு வாரம் அதில் நின்றால் போதும்."

துப்பட்டாவில் ஊசிமுனை அளவு ஓட்டை. விரலை வைத்தால் தெரிகிறது.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்த வாரம் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.


13 மே, வெள்ளி

பூசை. பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. பாவசங்கீர்த்தன வரிசையில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்லலாம், அவர் மன்னிப்பார். ஆனால் அறையைப் பதிவு செய்வது அவர் இல்லையே.

அண்ணன் மறுபடி மிஸ்டு கால். திரும்ப அழைத்துப் பேசினேன். கல்லறைக்கு என்ன கல் போடலாம், பளிங்கா கருப்புக் கல்லா என்று கேட்டான். பெயருக்குக் கீழே என்ன எழுதலாம். "நீதான படிச்சவ, நீ சொல்லு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"அம்மைக்க படம் ஒண்ணு உன்கிட்ட இருக்குல்லா, செவப்பு சாரி, அத கொண்டு வா. என்கிட்ட உள்ளது கடல் தண்ணியில போச்சு."

போனை வைத்த பிறகு அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். சிவப்பு இல்லை. காவி நிறம். அவனுக்கு நிறம் மறந்துவிட்டது.


14 மே, சனி

காற்று இல்லை. கொடிகள் எல்லாம் கம்பத்தில் ஒட்டிக்கொண்டு.

காலை 8.10. நான்கு தாள் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ரூத்தின் முதல் மெயில், முழுதாக. இரண்டாவது மெயில். என் லீவ் படிவம், ஜூலை 5 முதல் 25 வரை. அதோடு என் பாஸ்போர்ட் ஸ்லிப்.

வரிசையாக வைத்தேன். பேச ஆரம்பித்தால் நின்றுவிடும் என்று பயந்து ஒரே மூச்சில்: போன வாரம் கொடுத்த மெயிலில் ஒரு வாக்கியத்தை எடுத்தது நான். இன்னொரு சொல்லை மாற்றியதும் நான். ஜூலை எனக்கு வேண்டியிருந்தது, அதனால்.

படித்தார். முதல் மெயிலை இரண்டு தரம்.

"தோளோடு தோள்," என்றார்.

"ஆமாம், சார்."

"நான்கு பேர் நின்றாலே எனக்கு அது மீட்டிங்." தாளை வைத்தார். "உனக்கு ஏன் ஜூலை?"

"அம்மாவின் ஓராண்டு. அண்ணனும் வருகிறான்."

"போன வருடம் போயிருந்தாயே."

"இல்லை, சார். போகவில்லை."

என்னைப் பார்த்தார். மெயிலில் எழுதியது அவருக்கு ஞாபகம் வந்தது தெரிந்தது.

"ஏன்?"

"நீங்கள் இல்லை. ஸ்லிப்பில் கையெழுத்து இல்லை."

"சாவி உன்னிடம்தானே இருந்தது?"

ஏ.சி. சத்தம். வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும் சத்தம், பீப், பீப், பீப். அவர் கேட்டது குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். அவர் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் எடுத்துக்கொண்டு போயிருப்பார். வந்து ஒரு வரி எழுதி வைத்திருப்பார். முருகேசன் அண்ணனோ நானோ எடுத்திருந்தால் அதற்கு வேறு பெயர். இதை அவரிடம் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. இல்லை, ஆங்கிலம் போதும்; சொல்லத்தான் இல்லை.

அவர் பேனாவைத் திறந்தார். லீவ் படிவத்தில் கையெழுத்து. பாஸ்போர்ட் ஸ்லிப்பிலும்.

"ரூத்துக்கு எழுது. செப்டம்பர்."

எனக்காகவா, கூட்டத்துக்குப் பயந்தா? கேட்கவில்லை.

கதவருகில் வந்தபோது: "இனிமேல் என் மெயிலை நானே திரையில் படித்துக்கொள்கிறேன்."

"சரி, சார்."

அது வலித்தது. வலிக்க வேண்டியதுதான்.

திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். ரூத்துக்கு எழுதினேன். நாயைப் பற்றியும் ஒரு வரி விசாரித்தேன். ஒன்பது மணி. பத்து மணி. கால் நிலைகொள்ளவில்லை.

பதினொன்றுக்கு மறுபடி உள்ளே. இந்தத் தடவை கூப்பிடாமல்.

"சார், செப்டம்பரில் நீங்கள் ஆற்றில் நிற்கும்போது இங்கே யாருடைய வீட்டிலாவது ஏதாவது நடந்தால்?"

நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

பெயர் எழுதாத ஸ்லிப் பத்துக் கொண்டுபோயிருந்தேன். ஏழில் கையெழுத்துப் போட்டார். அதற்குள் அபுதாபி சைட்டிலிருந்து போன் வந்துவிட்டது, கையால் போ என்றார். ஏழு.

மதியம் கோடவுனுக்கு இறங்கி முருகேசன் அண்ணனின் பாஸ்போர்ட்டை அவர் கையிலேயே கொடுத்தேன். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஃபோர்மேன் நாளை விடுகிறாராம்.

"என்னம்மா, கையெழுத்து ஆளு ஊருக்கு வந்தாச்சா?"

"வந்தாச்சுண்ணே."

"நீங்க எப்ப ஊருக்கு?"

"ஜூலை அஞ்சு."

முதல் தடவையாக 'வாக்குல' இல்லாமல்.

அண்ணனுக்கு மெசேஜ்: 'JULY 5. TICKET TOMORROW. BLACK STONE.' அவன் போனில் தமிழ் வராது.

கல்லில் பெயருக்குக் கீழே என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. வெறும் தேதிகள் போதுமோ.

நாலரைக்கு அலமாரியைத் திறந்தேன். ஏழு ஸ்லிப்பையும் ஒரு உறையில் போட்டு மேல்தட்டில் வைத்தேன். கீழ்த்தட்டில், ரப்பர் பேண்ட் போட்ட கட்டுக்குள், பதினான்காவது என்னுடையது. மூன்று வருடமாக ஒரே இடம். எடுத்தேன். ரிஜிஸ்டரில் பெயர், எண், தேதி. வாங்கியவர் என்ற இடத்தில் கையெழுத்து. கொடுத்தவர் என்ற இடத்தில் மறுபடி என் கையெழுத்து. அலமாரியைப் பூட்டினேன். பஸ் ஐந்தேகாலுக்கு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.